வரிசையில் நின்றவளும் வாசித்தறிந்தவளும்

கடந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு என் தங்கை இலண்டனிலிருந்து குடும்பமாகப் பளைக்கு வந்திருந்தாள். ஒரு மாலை, முற்றத்துத் தென்னையின் கீழ் அமர்ந்திருந்த இரு சிறுமியரின் பேச்சு தடுப்பூசிப் பக்கம் திரும்பியது. ஒருத்தி தம்பியின் மகள். இங்கேயே பிறந்து வளர்பவள். மற்றவள் தங்கையின் மகள்; இலண்டனில் பிறந்தவள். இருவருக்கும் வயது பதினான்கு.

"ஆறாம் ஆண்டிலை பள்ளிக்கூடத்திலை ஊசி போட்டவை" என்றாள் முன்னவள். எதற்கென்று கேட்டேன்.

"தெரியாது பெரியப்பா. ரீச்சர் வரிசையிலை நிக்கச் சொன்னா. நிண்டனாங்கள்."

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி அது. இலங்கையில் 2017ஆம் ஆண்டு முதல் பாடசாலை மாணவியருக்கு வழங்கப்படுகிறது. பிரித்தானியாவில் 2008இலேயே தொடங்கிவிட்டது. 2019 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு.

இலண்டன்காரி எல்லாவற்றையும் அறிந்திருந்தாள். பாலுறவின் வழி பரவும் கிருமி என்பதையும், அது தொற்றுமுன் போட்டால்தான் முழுப்பயன் என்பதையும் தயங்காமல் சொன்னாள். ஆனால் அவளுக்கு ஊசி போடப்படவில்லை. "அம்மா கையெழுத்து வைக்கேல்லை மாமா."

"சின்னப் பிள்ளைக்கு உது இப்ப என்னத்துக்கு அண்ணா?" என்றாள் தங்கை. படிவத்திலிருந்த ஒரு சொல் அவளைக் கூச வைத்திருந்தது.

ஒருத்திக்கு ஊசி கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. மற்றவளுக்கு விளக்கம் கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. தங்கையை மட்டும் குறைசொல்ல என்னால் இயலவில்லை. 1990களில், போருக்கு நடுவிலும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட நாட்களில் நானும் செய்தி எழுதியவன். எங்கே, எப்போது கொடுப்பார்கள் என்றெல்லாம் எழுதினேன். அந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. தாய்மார் நம்பி வந்தார்கள்; அது போதும் என்றிருந்தேன். நம்பிக்கை மட்டும் கடல் கடந்தால், அந்நிய மொழிப் படிவமொன்றின் முன் அது தடுமாறிவிடும் என்று அன்று தோன்றவில்லை.

அன்றிரவு தங்கையிடம் தமிழில், ஒளிவுமறைவின்றி எடுத்துச் சொன்னேன். பாடசாலையில் தவறவிட்டாலும் அங்கே இருபத்தைந்து வயதுக்குள் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவள், "போனவுடனை டொக்ரரிட்டைக் கேக்கிறன்" என்றாள்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் மகள் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப எனக்குப் போட்டது அதுக்கே, பெரியப்பா?"