வான்கோழிக் குஞ்சும் நம் வீட்டுத் தமிழும்



வான்கோழி என்றதும் நமக்கு ஔவையாரின் மூதுரைதான் நினைவுக்கு வரும். மயிலைக் கண்டு தானும் ஆட முற்படும் அப்பறவையை எடுத்துக்காட்டாகக் கூறாத தமிழாசிரியர் அரிது. பெயரிலும் அதற்குச் சொந்த ஊர் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் அதைத் துருக்கியோடு சேர்த்துவிட்டனர். மலாய்க்காரர்கள் ‘ஆயாம் பெலாண்டா’, அதாவது ஒல்லாந்துக் கோழி என்றனர். உண்மையில் அதன் தாயகம் வட அமெரிக்கக் கண்டம். அத்தாயகத்திலேயே அதனைக் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எனக்குக் கிட்டியது.

நோன்புப் பெருநாள் விடுமுறையோடு சில நாள் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, மிசூரி மாநிலத்தில் குடியேறிவிட்ட நண்பரைக் காணச் சென்றிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். பின்னர் அவர் ஆசிரியத் தொழிலை விட்டுக் கடல் கடந்து போய்விட்டார். அப்போது அங்கே இளவேனிற்கால வான்கோழி வேட்டை நடைபெற்றுக்கொண்டிருந்தது. நண்பர், அவருடைய அண்டை வீட்டுக்காரர், அவர்தம் 12 வயது மகன் ஆகிய மூவரும் புறப்பட, நானும் உடன் சென்றேன். உயிர்க்கொலையில் எனக்கு உடன்பாடில்லை என்பதை நண்பர் நன்கறிவார். “நீ எதையும் சுட வேண்டாம், வாத்தியாரே! சும்மா வந்து உட்கார்ந்து பார்” என்றார்.

விடியலுக்கு வெகுமுன்பே காட்டை அடைந்தோம். என் நீலக் குளிராடைக்கு மாற்றாக நண்பர் பழுப்பு நிற ஆடையொன்றைத் தந்தார். ஆண் வான்கோழியின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தோன்றும். அந்நிறங்களை உடுத்தி அசைந்தால், வேறொரு வேடர் நம்மைப் பறவை என்று எண்ணிவிடக் கூடும். தோளைவிட அகன்ற ஓக் மரமொன்றில் முதுகைச் சாய்த்து அமர வேண்டும் என்பதும் அவ்வாறான பாதுகாப்பு விதியே.

கீழ்வானம் வெளுக்கையில், மரக்கிளைகளில் உறங்கிய ஆண் பறவைகள் குரல் எழுப்பத் தொடங்கின. நண்பர் சட்டைப் பையிலிருந்து கையடக்க மரப்பெட்டியொன்றை எடுத்தார். அதன் மூடியை ஓரத்தில் உரசினால் பெட்டையின் குரல் எழும். உரசுமுன் மூடியின் அடிப்புறத்தில் எதையோ தேய்த்தார். உற்றுப் பார்த்தேன்; நம் வெண்கட்டி! “உன் பழைய தோழன்” என்று காதருகே கிசுகிசுத்தார்.

மூன்று முறை உரசினார். தூரத்திலிருந்து மறுமொழி வந்தது. உடனே பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். மீண்டும் அழைக்கவில்லை. காரணத்தைப் பிறகு விளக்கினார். இயற்கையில் பெட்டைதான் ஆணைத் தேடிச் செல்லும். வேடரோ ஆணை வரவழைக்கப் பார்க்கிறார். ஓயாமல் அழைத்தால், ‘பெட்டைதான் வரப்போகிறதே’ என்று ஆண் பறவை நின்ற இடத்திலேயே நின்றுவிடுமாம். ஆகவே அழைத்தபின் மௌனம் காக்க வேண்டும்.

அரை மணி நேரத்திற்கும் மேலாக அசையாமல் இருந்தோம். அதன்பின் அது வந்தது. வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரச விட்டு, செப்பும் பொன்னுமாக ஒளிரும் இறகுகளோடு மெல்ல நடந்து வந்தது. அது எந்த மயிலையும் பார்த்து ஆடவில்லை.

சிறுவன் முழங்கால்மீது துப்பாக்கியைத் தாங்கியிருந்தான். பறவை மிக அருகில் நின்றது. ஆயினும் அவன் சுடவில்லை. தந்தையும் வாய் திறக்கவில்லை. சில நிமிடங்களில் பறவை புதர்களுக்குள் மறைந்தது. ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். “அதற்கு நேர் பின்னால் இரண்டு பெட்டைகள் நின்றன. குண்டுகள் சிதறும். இது முட்டையிடும் காலம்” என்றான். இளவேனிற் பருவத்தில் பெட்டைகளைச் சுடுவது அங்கே பொதுவாகச் சட்டப்படி குற்றம். எனினும் அக்கணத்தில் யாரும் அவனுக்குச் சட்டத்தை நினைவூட்டவில்லை. துப்பாக்கி கைக்கு வருமுன் மூன்றாண்டுகள் தந்தையின் பக்கத்தில் வெறுங்கையோடு அமர்ந்திருந்தானாம். அவன் அருகில் அன்று நானே மாணவனாக உணர்ந்தேன்.

வீடு திரும்பிக் காப்பி அருந்துகையில், அவன் தந்தை இன்னொரு செய்தியைக் கூறினார். காடழிப்பாலும் வரம்பற்ற வேட்டையாலும் மிசூரியில் 1950களின் தொடக்கத்தில் சில ஆயிரம் காட்டு வான்கோழிகளே எஞ்சியிருந்தனவாம். அதற்கு முன்பே பண்ணைகளில் பொரித்து வளர்த்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தனர். இறகிலும் நிறத்திலும் குறையில்லை. ஆனால், அவை நிலைக்கவில்லை. காட்டில் குஞ்சு பொரித்த மறுநாளே தாயின் பின்னே நடக்கத் தொடங்குகிறது. எச்சரிக்கைக் குரல் எது, எப்போது புல்லோடு புல்லாய்ப் பதுங்குவது, இரவில் எங்கே அடைவது என்பனவற்றைத் தாயோடு திரிந்தே பழகுகிறது. பண்ணைக் குஞ்சுக்குத் தீனி இருந்தது, தாய் இல்லை. பின்னர், 1954இலிருந்து, காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து, பறவையற்ற காடுகளில் கொண்டுபோய் விட்டனர். அவை பெருகின. 1960இல் இளவேனில் வேட்டைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இன்று அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 6 மில்லியன் பறவைகள் உள்ளன.

பண்ணைக் குஞ்சின் கதை என்னை உறங்கவிடவில்லை. நம் பிள்ளைகளின் தமிழை எண்ணிப் பார்த்தேன். என் வகுப்பில் பயிற்சி நூல்களையும் பிரத்தியேக வகுப்புகளையும் கொண்டு தமிழில் சிறந்த புள்ளிகள் பெறும் மாணவர் உண்டு. கட்டுரையில் இணைமொழியும் மரபுத்தொடரும் இடம் தவறாமல் வந்து அமரும். ஆனால், வீட்டுக்கு வந்த பாட்டியிடம் பத்து நிமிடம் தொடர்ந்து தமிழில் பேசச் சொன்னால் அவர்களில் சிலர் திணறுகின்றனர். இறகில் குறையில்லை, காட்டில் விட்டால் என்னாகும்?

பெற்றோரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் நேரம் எவ்வளவு அரிது என்பதை அறிவேன். பள்ளியில் நாம் தீனி போடலாம். அதைக் குறைவின்றிப் போட வேண்டியது நம் கடமை. பக்கத்தில் அமர்ந்து பழகும் மொழிக்கு வீடுதான் காடு. சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதும், காரில் பள்ளிக்கு வரும்போதும், தாத்தா தோட்டத்துக் கதை சொல்லும்போதும் பிள்ளை அருகில் இருக்கட்டும். பிழையாகப் பேசினால் உடனே திருத்த வேண்டாம். மூன்று முறை அழைத்துவிட்டுக் காத்திருங்கள்.

என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இப்போது வாரம் ஒரு வீட்டுப்பாடம் எழுத்தில்லாமல் தருகிறேன். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு செய்தியைக் கேட்டு வந்து, வகுப்பில் வாய்மொழியாகக் கூற வேண்டும். சென்ற வாரம் ஒரு மாணவி, தன் பாட்டி விடியற்காலையில் பால்மரம் சீவப் போன கதையைச் சொன்னாள். ‘ஒட்டுப்பால்’ என்ற சொல்லுக்கு வகுப்பில் பலருக்குப் பொருள் தெரியவில்லை. அவளே விளக்கினாள்.

உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் முயன்று பாருங்கள். பிள்ளைகள் கொண்டுவரும் சொற்களை எனக்கும் தெரிவியுங்கள்.