மிளகு மணக்கும் ஒயினும் அக்கா கேட்ட ஒரு சொல்லும்

சென்ற ஆண்டு நவம்பரில், இத்தாலியின் வடகிழக்கு மூலையிலுள்ள ஊதினே நகரிலிருந்து ஒரு நிழற்படத்தை இங்கே பகிர்ந்திருந்தேன். சாப்பாட்டு மேசை, அதன்மேல் ஆவி பறக்கும் மக்காச்சோளக் களி, பக்கத்தில் இரண்டு விரற்கடை அளவுக்குச் சிவப்பு ஒயின் ஊற்றிய கண்ணாடிக் கோப்பை. பலரும் விருப்பக்குறி இட்டார்கள். அக்கா மட்டும் வாட்ஸப்பில் தனியே ஒரே ஒரு சொல் அனுப்பினாள்: "நீயுமா?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஏழு மாதங்கள் ஆயின.

எங்கள் வீட்டைப் பற்றி ஓரளவேனும் சொல்லாமல் அந்தச் சொல்லின் கனம் உங்களுக்குப் புரியாது. அப்பா குடித்தே செத்தார். அப்போது எனக்கு வயது பதினான்கு, அக்காவுக்குப் பத்தொன்பது. ஒவ்வோர் இரவும் அம்மா அவருக்கான சோற்றைத் தட்டால் மூடி வைப்பாள். அவர் வருவார், சாப்பிடமாட்டார். சில நாள் அந்தத் தட்டு சுவரில் மோதும். மோதாத நாள்களில் அம்மா அந்தச் சோற்றில் நீரூற்றி வைப்பாள். காலையில் அதைத்தான் நாங்கள் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். கடை வாசலில் நின்றபடியே, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் இறக்குவதுதான் நான் அறிந்த குடி. குடிக்கும் உணவுக்கும் அங்கே பகை. ஆகவே முப்பத்தொரு வயது வரை நான் ஒரு துளியும் தொட்டதில்லை. அது ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அச்சம்.

ஐதராபாத்தில் நான் செய்துவரும் ஆய்வு, மணமுள்ள நெல் இரகங்களைப் பற்றியது. மணப்பொருள்களைப் பிரித்தறியும் முறைகளில் பயிற்சி பெற ஐந்து மாதம் ஊதினேவுக்கு அனுப்பப்பட்டேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னைக் கீழே சாப்பிட அழைப்பார். முதல் ஞாயிறன்று ஃபிரிக்கோ செய்திருந்தார். உருளைக்கிழங்கையும் மொந்தாசியோ என்னும் அவ்வட்டாரப் பாலாடைக்கட்டியையும் வாணலியில் ஒன்றாக உருக்கி, இருபுறமும் பொன்னிறமாக முறுகவிட்ட அடை அது. ருசி அபாரம், ஆனால் மூன்றாவது வாயில் நெய்ப்பு நாக்கில் படிந்து திகட்டத் தொடங்கிவிடும். அவர் ஒரு புட்டியைத் திறந்து, கேட்காமலே என் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினார். நான் கையால் மறைத்தேன். காரணம் கேட்டார், தடுமாறும் இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. கோப்பையை என் பக்கமே விட்டுவிட்டு, "குடிக்க வேண்டாம், முகர்ந்து மட்டும் பார். நீ மணத்தைப் படிக்கிறவன்தானே" என்றார்.

முகர்ந்தேன். நாவற்பழம் போல ஒரு கருமையான பழ வாசம். பின்னால் ஏதோ பூ. "மிளகு தெரிகிறதா?" என்றார். தெரியவில்லை. மேசையிலிருந்த அவருடைய மகனும் மருமகளும் முகர்ந்து "மிளகு, மிளகு" என்று தலையாட்டினார்கள். மிளகு விளையும் மண்ணுக்கு அருகிலிருந்து போனவன், மணத்தை ஆய்கிறவன், எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் முதல் மிடற்றைக் குடித்தேன் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஒயினின் பெயர் ஸ்கியொப்பெத்தினோ. திராட்சைக்கும் அதே பெயர். இத்தாலிய ஒயின் என்றதும் உலகம் சொல்லும் கியான்தி, பரோலோ முதலிய பெயர்களின் வரிசையில் இது வராது. ஊதினேவுக்குக் கிழக்கே, ஸ்லொவேனிய எல்லையை ஒட்டிய பிரெப்பொத்தோ என்னும் சிற்றூரைச் சுற்றிய குன்றுகளே இதன் தாய்மண். 'வெடித்தல், படபடத்தல்' என்னும் பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். பெருத்த பழத்தின் தோல் பல்லிடையே பட்டென்று வெடிப்பதால் என்பர் சிலர். முற்காலத்தில் புட்டிக்குள்ளேயே மீண்டும் புளித்து நாக்கில் நுரைத்ததால் என்பர் வேறு சிலர். ஸ்லொவேனிய மொழி பேசுவோர் இதை வேறு பெயரால் அழைத்தாலும் அதன் பொருளும் வெடிப்புதான்.

உணவோடு சேர்ந்தபோது அது என்ன செய்தது என்பதைச் சொல்ல எனக்கு ஒரே ஓர் உவமைதான் கிடைக்கிறது: ரசம். நெய்யும் பருப்புமாகச் சாப்பிட்டு நாக்கு மந்தமான நேரத்தில், புளிப்பும் மிளகும் வந்து வாயைக் கழுவி, அடுத்த கவளத்துக்குப் பசியை உண்டாக்குமே, அதே வேலை. பழுத்த கனத்த ஒயின் வகையன்று இது. இடைப்பட்ட உடல், துடிப்பான புளிப்பு, ஈறுகளை இறுக்கிப் பிடிக்காத மென்மையான துவர்ப்பு. பாலாடைக்கட்டியின் கொழுப்பை அந்தப் புளிப்பு அறுக்க, கட்டியின் உப்பு பழச்சுவையை முன்னே தள்ளுகிறது. தனியே குடித்தால் சற்றே மெலிந்ததாகத் தோன்றும் ஒயின், ஒரு துண்டு ஃபிரிக்கோவுக்குப் பின் நிறைந்து நிற்கிறது.

குளிர் முற்றிய பிறகு 'முசெத்தும் ப்ரொவாதாவும்' வந்தது. முசெத் என்பது பன்றியின் முகவாய் இறைச்சியில் செய்யும் சாசேஜ். வாயில் பசைபோல ஒட்டும். ப்ரொவாதா, டர்னிப் கிழங்கைத் திராட்சைச் சக்கைக்குள் ஒரு மாதத்துக்கும் குறையாமல் புளிக்கவைத்து, சீவி, மெல்லிய தீயில் வேகவைப்பது. ஒயினுக்காகப் பிழிந்துவிட்டு எறியவேண்டிய சக்கையை, ஏழைகள் கிழங்கை ஊறப்போடும் பானையாக்கியிருக்கிறார்கள்! கொழுப்புக்குப் புளிப்பு மருந்து என்பதை நம் பாட்டிகளைப் போலவே அந்தப் பாட்டிகளும் அறிந்திருந்தார்கள். ஆனால் அத்தனை புளிப்புள்ள உணவோடு பெரும்பாலான சிவப்பு ஒயின்கள் தட்டையாகிவிடுகின்றன. இது தாக்குப்பிடித்தது. ஆசிரியை புட்டியை அடுப்பங்கரையில் வைக்காமல், சன்னலுக்கு வெளியே ஒரு கால்மணி நேரம் வைத்து, இலேசாகக் குளிரவிட்டே ஊற்றுவார். அறைச்சூட்டில் மந்தமாக இருந்ததை ஒருமுறை நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி.

டிசம்பரில் ஒரு நாள் பிரெப்பொத்தோவுக்குப் போனேன். ஊதினேவிலிருந்து சிவிதாலே வரை சிறு ரயில். அப்பால் இரவல் சைக்கிள். இலை உதிர்ந்த கொடிகள். கீழே யூத்ரியோ என்னும் ஓடை. 1866 முதல் முதல் உலகப்போர் வரை இத்தாலிக்கும் ஆஸ்திரியப் பேரரசுக்கும் அந்த ஓடைதான் எல்லை. குன்றின் மண்ணை அவ்வூரார் 'பொங்கா' என்கிறார்கள். சுண்ணாம்புக் களியும் மணற்பாறையும் அடுக்கடுக்காக அமைந்தது. கல்லென்று நினைத்துக் கையில் எடுத்தால் உதிர்ந்துவிடுகிறது.

இந்தத் திராட்சை கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்க வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்செரா என்னும் பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. மறுநடவில் நிறைய விளையும் பிரெஞ்சு இரகங்கள் இடம்பிடித்தன. ஸ்கியொப்பெத்தினோ வீட்டுக் கொல்லைகளிலும் வேலியோரங்களிலும் ஒதுங்கியது. 1970இல் சியால்லா பள்ளத்தாக்கில் குடியேறிய பாவ்லோ ரப்புத்சியும் அவர் மனைவி தீனாவும் தேடியபோது, எஞ்சியிருந்த கொடிகள் நூற்றுக்கும் குறைவு. அவற்றிலிருந்து பதியன்கள் எடுத்துத் தோட்டம் போட்டார்கள். இதில் ஒரு விந்தை: அது சட்டப்படி குற்றம். அந்த மாவட்டத்தில் பயிரிட அனுமதிக்கப்பட்ட இரகங்களின் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை. அந்த மண்ணின் சொந்தத் திராட்சையை அந்த மண்ணில் நடக்கூடாது!

இந்த இடத்தில் நெல் ஜெயராமனை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஊர் ஊராகப் போய், கைப்பிடி விதையாகக் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் இரகங்களைத் திரட்டிய மனிதர். என் துறையில் இரகங்களைக் குளிர்பெட்டியில் காப்பதைப் பெருமையாகப் பேசுவோம். ஆனால் உண்போர் இல்லாத இரகம் அங்கே உறங்குகிறதே தவிர வாழவில்லை.

அதே வட்டாரத்தில் திராட்சைச் சக்கையிலிருந்து கிராப்பா வடிக்கும் நொனினோ குடும்பத்தார், அழியும் நாட்டுத் திராட்சைகளைக் காப்போருக்காக 1975இல் ஒரு பரிசை நிறுவினார்கள். பெயர் 'ரிசித் தாவுர்', பொன் திராட்சைப் பதியன். அதன் முதல் பரிசு 1976இல் ரப்புத்சிக்கு. பரிசும் ஊர்க்காரர்களின் விடாப்பிடியும் சேர்ந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தடை நீங்கியது. இலக்கிய நண்பர்களுக்கு ஒரு கொசுறுச் செய்தி: இந்தக் கொடிப் பரிசிலிருந்து கிளைத்ததுதான் நொனினோ இலக்கியப் பரிசு. டிரான்ஸ்ட்ரோமருக்கும் மோ யானுக்கும் நோபலுக்குப் பல ஆண்டுகள் முன்பே அது கிடைத்துவிட்டது.

இனி என் மூக்கின் கதை. ஊதினேவில் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. அந்த மிளகு வாசம் வெறும் கற்பனை உவமையன்று. ரொட்டண்டோன் என்னும் மூலக்கூறு மிளகிலும் இருக்கிறது, சில திராட்சைகளின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் ஷிராஸ் ஒயினில் அதை இனங்கண்டார்கள். மூன்றாண்டு கழித்து இத்தாலியர் ஸ்கியொப்பெத்தினோவில் கண்டார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே சராசரி மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் சோதனைக்கு வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, அதைப்போல நூறு மடங்குக்கு மேல் சேர்த்தாலும் தெரியவில்லை. நான் அந்த ஐந்தாவது ஆள் போலும். மிளகின் காரமும் அதன் பிற வாசங்களும் எனக்கு நன்றாகவே தெரிவதால், இப்படியொரு குறை இருப்பதே இத்தனை ஆண்டு தெரியாமல் இருந்திருக்கிறது. ரொட்டண்டோன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சைப்பரஸ் ரொட்டண்டஸ். நம் வயற்காட்டுக் கோரைக்கிழங்கு; அம்மா நலங்கு மாவுக்கு அரைப்பது.

ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிறன்று, அக்காவின் செய்தியை ஆசிரியைக்குக் காட்டினேன். பொருள் கேட்டார், சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "என் அண்ணனும் அப்படித்தான் போனான்" என்றார். அங்கே வேலை முடிந்து மதுக்கடையில் நின்று ஒரு சிறு கோப்பை ஒயின் குடிப்பதை 'தாயூத்' என்பார்கள். ஊரின் இனிய வழக்கமாக எல்லாரும் புகழ்வது அது. அவருடைய அண்ணன் ஒரு தாயூத்தில் தொடங்கி, நாளுக்கு இருபது என்று ஆகி, நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டு இறந்தாராம். "அதனால்தான் இந்த வீட்டில் தட்டு வைக்காமல் புட்டியைத் திறப்பதில்லை. ஆனால் உன் அக்காவிடம் போய் இத்தாலியில் குடி வேறு என்று சொல்லாதே. வேறு இல்லை." நான் அதுவரை மனத்துக்குள் எழுதி வைத்திருந்த பதில் ஏறக்குறைய அதுவேதான். அதை அழித்துவிட்டேன்.

சுங்கம் அனுமதிக்கும் இரண்டு லிட்டர் வரம்புக்குள் ஒரே ஒரு புட்டி கொண்டுவந்தேன். ஐதராபாத் வெயிலுக்குப் பயந்து குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில், முருங்கைக்காய்களுக்கு அடியில் ஐந்து மாதம் கிடந்தது. தனியே திறக்க மனம் வரவில்லை.

சென்ற வாரம் அக்கா ஏதோ அலுவலாக வந்து என்னுடன் இரண்டு நாள் தங்கினாள். குளிர்பெட்டியைத் திறந்தவள் புட்டியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு மூடினாள். அன்றிரவு நான் உருளைக்கிழங்கையும் கிடைத்த பாலாடைக்கட்டியையும் போட்டு ஃபிரிக்கோ போல ஒன்று செய்தேன். அவள் சாதமும் ரசமும் வைத்தாள். தட்டுகளை வைத்தபின் புட்டியை எடுத்துவந்து, "உன் முன்னால் திறக்கலாமா?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "திற" என்றாள்.

இரண்டு விரற்கடை ஊற்றினேன். தடைசெய்யப்பட்ட கொடி, பரிசு, மூலக்கூறு எல்லாம் சொன்னேன். என் மூக்குக்கு மிளகு எட்டவில்லை என்றதும் அவளுக்கு உள்ளூர ஒரு சிரிப்பு வந்ததைக் கண்டேன். கை நீட்டிக் கோப்பையை வாங்கினாள். அப்பா போனபின் எந்த மதுவும் தன் அருகே வர விடாதவள். கண்ணை மூடி, எட்டவே பிடித்துக்கொண்டு, ஒருமுறை முகர்ந்தாள். பிறகு இன்னும் அருகே கொண்டுபோனாள்.

"மிளகுதான்டா. இப்பத்தான் அம்மியில் நசுக்கினாப்போல. இதுகூடவா உனக்குத் தெரியல?"

"தெரியல அக்கா."

கோப்பையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் ஒரு வாய் ஃபிரிக்கோவும் ஒரு மிடறு ஒயினுமாகச் சாப்பிடத் தொடங்கினேன். அவள் என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோப்பையை அல்ல. அது காலியானபோது எழுந்துபோய்ச் சாதம் கொண்டுவந்து போட்டாள்.

"முழுசாச் சாப்பிடு" என்றாள். ரசத்தை ஊற்றினாள்.