ஊசி இல்லாத ஈறு அறுவை: சேவூர் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி செல்லும் சாலையில் அமைந்த சேவூர், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் நிலக்கடலை ஏலத்தாலும், சுற்று வட்டாரத்தில் ஓடும் விசைத்தறிகளாலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆளேற்றிச் செல்லும் வண்டிகளாலும் அறியப்படும் ஊர். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கும், மீட்டர் கணக்கில் கூலி பெறும் தறிக்காரருக்கும் அரைநாள் வேலை கெடுவது அரைநாள் வருமானம் கெடுவதாகும். ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றியே வளர்வதால், வீக்கமோ இரத்தக் கசிவோ கண்ட பிறகே இவர்கள் பல் மருத்துவரை நாடுகின்றனர். "ஊசி போடோணுங்களா டாக்டர்?" என்பதே இப்பகுதி மக்கள் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியில் அச்சம் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. லிக்னோகெய்ன் என்னும் மரப்பு மருந்தை ஊசி வழியாகச் செலுத்திய பின் உதடும் கன்னமும் மூன்று நான்கு மணி நேரம் மரத்துக் கிடப்பதால், உண்பதும் பேசுவதும் தடைப்படுவதோடு, உணர்வற்ற உதட்டைத் தாமே கடித்துக்கொள்வதும் நேர்கிறது.

ஊசியைத் தவிர்க்க இன்று ஈறு அறுவையில் துணை நிற்பவை மேற்பூச்சு மரப்பு மருந்தும் லேசரும். மேற்பூச்சாக மரப்பு மருந்தைப் பயன்படுத்துவது ஊசியைவிட மூத்த முறை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோல்லர், கோகெய்ன் கரைசலைக் கண்ணில் சொட்டாக விட்டு வலியின்றி அறுவை செய்ய இயலும் என்று காட்டினார். தாடை நரம்பருகே ஊசி வழியாக மருந்து செலுத்தும் முறை அதைத் தொடர்ந்தே வந்தது. லேசர் வெகு பிந்தையது. 1960இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964இல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். இன்று ஆயத்த ஆடைத் தொழிலில் துணி வெட்டவும் உருப் பொறிக்கவும் பயன்படுவதும், சில மருத்துவமனைகளில் ஈற்றை அறுக்கப் பயன்படுவதும் இதே வகை லேசர்தான். பாலியஸ்டர் துணியை லேசர் வெட்டும்போது ஓரம் உருகி அடைபட்டு நூல் பிரியாமல் நிற்பதைப் போலவே, ஈற்றை வெட்டும்போது சிறு இரத்தக் குழாய்களின் வாய் வெப்பத்தால் அடைபடுகிறது என்று சொன்னால் இத்தொழிலாளர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சிறு மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணப்படுவது டையோடு லேசர், அதாவது குறைகடத்திச் சில்லிலிருந்து ஒளியை உண்டாக்கி, முடியிழை போன்ற கண்ணாடி இழை வழியாக வாய்க்குள் கொண்டுசெல்லும் சிறு கருவி. இதன் ஒளி 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாதது, இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினாலும் தோல் நிறமியான மெலனினாலும் உறிஞ்சப்படுவது. அறுக்கத் தொடங்குமுன் இழையின் நுனியை, பல் கடிப்பைப் பதிவெடுக்கும் நீலத்தாளில் தொட்டு ஒளியைச் செலுத்துகின்றனர். தாளின் மை கருகி நுனியில் கரியாகப் படிந்ததும், ஒளி அக்கரியில் உறிஞ்சப்பட்டு நுனியே சூடேறி நிற்கிறது. ஆகவே ஈற்றைப் பெரும்பாலும் அறுப்பது ஒளி என்பதைவிட, ஒளியால் சூடேறிய நுனி என்பதே பொருந்தும். கைத்திறன் முழுவதும் இந்த வெப்பத்தை அடக்கி ஆள்வதில்தான் உள்ளது. ஏறத்தாழ 1 வாட் அளவில், நுனியை ஓரிடத்தில் நிறுத்தாமல் தூரிகை ஓட்டுவதுபோல் மெல்ல நகர்த்தி, ஒளித் துடிப்புகளுக்கிடையே திசு ஆற இடம் விட்டு, படியும் கரியை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே செல்ல வேண்டும். அவசரத்தில் வாட்டைக் கூட்டினால் வேலை விரைவாக முடியலாம். ஆனால் வலியும் கூடும், ஆழத்திலுள்ள எலும்பும் சூடேறும். எலும்பின் வெப்பநிலை 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நிலைத்தாலே அது சேதமடையும் என்று 1983இல் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

மேற்பூச்சு மருந்தின் வேலை இதைவிடப் பொறுமை கேட்பது. எச்சில் படிந்த ஈற்றில் தடவிய ஜெல் வழிந்தோடிவிடும் என்பதால், முதலில் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, லிக்னோகெய்ன் அல்லது பென்சோகெய்ன் ஜெல்லைத் தடவி, இரண்டு முதல் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அது இறங்கும் ஆழம் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர். பல்லை ஒட்டிய தடித்த ஈற்றில் அதைவிடவும் குறைவு. வீங்கிச் சீழ் கட்டிய ஈற்றில் திசு அமிலத்தன்மை அடைந்திருப்பதால் மருந்து சரிவர வேலை செய்வதில்லை. இதனால்தான், சொத்தைக் குழியின் மேல் வளர்ந்த ஈற்றுத் துணுக்கை அகற்றுவது, கம்பி கட்டிய பற்களைச் சுற்றிப் புடைத்த ஈற்றைச் சீராக்குவது போன்ற மேலோட்டமான வேலைகளுக்கு ஜெல்லே போதுமாக இருக்க, வீங்கி வலிக்கும் கடைவாய்ப் பல்லின் மேல் மூடியிருக்கும் சதைக்கும், எலும்பைத் தொடும் வேலைக்கும் ஊசி தேவைப்படுகிறது. 'ஊசியே இல்லை' என்று விளம்பரம் செய்துவிட்டு நோயாளியை வலி பொறுக்கச் சொல்வது மருத்துவம் ஆகாது. ஊசியை ஆயத்தமாகத் தட்டில் வைத்துக்கொண்டு, நோயாளி கை உயர்த்தினால் உடனே நிறுத்துபவரே லேசர் கருவியைக் கையாளத் தகுந்தவர். ஜெல்லும் மருந்துதான் என்பதை மறத்தலாகாது. பென்சோகெய்ன் அரிதாக இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குலைக்கும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தடவக் கூடாது என்று 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

டையோடு லேசருக்கு மிக எளிதாக இணங்கும் வேலை, ஈற்றின் கருமையை நீக்குவது. மெலனின் இதன் ஒளியை நன்கு உறிஞ்சுகிறது. ஆனால் கறுத்த ஈறு நோயன்று, நம் மக்களில் பலருக்கும் இயல்பான நிறம். நீக்கிய பின்னும் அது பலருக்கு மெல்லத் திரும்பி வருகிறது. விரும்பிச் செய்துகொள்வோர் செய்துகொள்ளலாம், ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணி வாழும் ஒரு பெண்ணிடம் இதை ஈறு நோய்க்கான சிகிச்சைபோல் விற்பது அநீதி. பல்லில் படிந்த காறையைச் சுத்தம் செய்வதே ஈறு நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை. லேசர் அதற்கு மாற்றாகாது.

நாற்காலியின் மறுபுறம் நிற்கும் உதவியாளரின் உழைப்பு பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. உதட்டை விலக்கிப் பிடிப்பதும், எழும் புகையை அறுக்கும் இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சுகுழாயை வைத்து இழுப்பதும் அவருடைய பொறுப்பு. அப்புகையில் நுண்துகள்களும் கிருமிகளும் கலந்திருக்கக்கூடும் என்பதால் வெறும் துணி முகக்கவசம் போதாது. கருவியின் அலைநீளத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடியை மருத்துவர், உதவியாளர், நோயாளி ஆகிய மூவருமே அணிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளி பளபளப்பான கருவியில் பட்டுத் திரும்பினாலும் விழித்திரை பாதிக்கப்படும்.

அறுத்த இடத்தில் மறுநாள் மஞ்சள் கலந்த வெண்படலம் தோன்றும். அது புண் ஆறுவதற்கான ஃபைப்ரின் படலம். சீழ் என்று எண்ணிச் சுரண்டிவிடக் கூடாது என்பதை வீட்டுக்கு அனுப்புமுன் சொல்லியாக வேண்டும். லேசர் புண் கத்திப் புண்ணைவிடத் தொடக்கத்தில் சற்று மெதுவாகவே ஆறும். மேல்தோல் மூட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை சூடும் காரமும் குறைத்து உண்ண வேண்டும். ஈற்றில் அடக்கும் புகையிலையை அறவே விலக்க வேண்டும்.