ஒரு தகப்பன், இரண்டு பெயர்

சென்ற ஆண்டு ஒருநாள் எமது தமையனாரின் மகள், பாடசாலையில் கொடுத்த வேலையொன்றைச் சுமந்து வீடு வந்தாள். குடும்பத்தை ஐந்து தலைமுறைவரை மரமாக வரைந்து வரவேண்டுமாம். "சித்தப்பா, தாத்தாவுடைய தாத்தாவின் பெயர் என்ன?" என்று கேட்டாள். பதுளை மலைச்சாரலில் ஆறு தலைமுறையாக வாழும் குடும்பத்திற் பிறந்த நாம், அவ்வினாவுக்கு விடை தெரியாமல் தலைகுனிந்தோம்.

அமெரிக்க நாட்டுப்புறத்து உழவர் குடும்பமொன்று தன் முன்னோரைத் தேட விரும்பினால், அதற்கு வழிகள் பலவுண்டு. வீட்டு வேதாகமத்தின் முதல் ஏட்டிலே பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டிருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிமதிப்பு இருக்கும். தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயரும் இருக்கும். ஆயினும் அந்நாட்டிலும் இப்பேறு எல்லார்க்கும் வாய்த்ததன்று. 1850, 1860 ஆம் ஆண்டுக் குடிமதிப்புகளில் அடிமைகளின் வயதையும் பாலையும் குறித்தார்கள். பெயரைப் பெரும்பாலும் குறிக்கவில்லை. விடுதலை பெற்ற அம்மக்கள் பெயரோடு ஏட்டில் ஏறியது 1870 இலேதான்.

எம் முன்னோர் அடிமைகளல்லர். எனினும் அவர்களும் ஏட்டில் வெறும் எண்ணாகவே நின்றார்கள். காப்பிக் காலத்தில், துறையூர்ப் பக்கமிருந்து ஒரு கங்காணியின் பின்னே புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தவர் எமது பூட்டனாரின் தகப்பனார். அக்காலத்தில் கங்காணி கையிலிருந்த 'துண்டு' என்னும் சீட்டிலே ஆளின் வரலாறு இராது. இத்தனை தலைகள், இவ்வளவு கடன் என்பதே இருக்கும். 1921 இல் சட்டம் அத்துண்டை ஒழித்தது.

பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் ஒன்றுண்டு. 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்னும் துரையின் நினைவாக எழுப்பியது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரை இன்றும் சொல்கிறார்கள். எமது பூட்டனாரைப் புதைத்த இடத்தில் இன்று தேயிலைச் செடி நிற்கிறது. எந்தச் செடி என்று காட்டக்கூடியவர் ஒருவரேயுண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், அதே லயத்தில் இன்னும் வசிக்கும் எமது அத்தை அவர். வயது எண்பத்து நான்கு.

பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனோம். கட்டிலின் கீழிருந்து தகரப் பெட்டியொன்றை இழுத்தார். அதனுள்ளே இரண்டு பழைய விண்ணப்பப் படிகள் இருந்தன. ஒன்று எமது பாட்டனாருடையது. மற்றது அவர் தம்பியாருடையது. இருவரும் ஒரே வயிற்றிற் பிறந்தவர்கள். ஆனால் மூத்தவரின் தாளிலே தகப்பன் பெயர் சாமியின் பெயராகவும், இளையவரின் தாளிலே பிரட்டுக்களத்தில் கூப்பிட்ட பட்டப்பெயராகவும் இருந்தன!

இத்தாள்கள் எழுதப்பட்ட காலத்தை வாசகர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்தவனையும் நோக்கி, "உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா?" என்று கேட்டது. வம்சாவளியை எழுதிவைக்க ஏடே கொடுக்கப்படாத மக்களிடம் வம்சாவளியைக் கேட்டது அச்சட்டம். 1949 இல் வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் எட்டு இலட்சம் பேருக்கு மேல் உரிமை வேண்டினார்கள். கிடைத்ததோ ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. அவர்களுள் எமது பாட்டனார் ஒருவர். தம்பியாரின் விண்ணப்பமோ, பெயர் பொருந்தவில்லையென்று திரும்பி வந்தது. ஒரு தகப்பனின் மக்கள், தாளிலே இரு தகப்பன்மாரின் மக்களாயினர்.

1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக் கொண்டன. சின்னத் தாத்தா இந்தியப் பங்கில் விழுந்தார். பதுளை நிலையத்தில் அவரை ஏற்றிச்சென்ற புகைவண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். "அண்ணனும் தம்பியும் சன்னலைப் புடிச்ச கையை விடவேயில்லை ராசா, வண்டிதான் விடுவிச்சது" என்றார் அத்தை.

பெட்டியடியில், 1979 இல் கோத்தகிரியிலிருந்து வந்த கடிதமொன்றும் கிடந்தது. தாயகம் திரும்பியோர்க்கெனத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாக அதில் எழுதியிருந்தார். அதன் பின்னர் செய்தி இல்லை. யாத்திரை சென்ற நண்பரொருவர் கையில் அம்முகவரியைக் கொடுத்தனுப்பினோம். மூன்று மாதங்கழித்துத் தொலைபேசி ஒலித்தது. சின்னத் தாத்தாவின் பேரன், பள்ளி ஆசிரியர், பேசினார். தம் பூட்டனாரின் பெயரைச் சொன்னார். பட்டப்பெயரையே சொன்னார்! அவர்களுக்கு வேறு பெயர் தெரியாது. அதைச் செவியுற்ற அத்தை, "என் அப்பாயி கூப்பிடுற பேரு அதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்னர் அத்தை மற்றொன்று செய்தார். தம் தாய், தாயின் தாய், அவரின் தாய் என்று பெண்வழிப் பெயர்களை ஒரு தாளும் பாராமல் மடமடவென்று சொன்னார். தகப்பன் வழியை மட்டுமே கேட்ட சட்டத்துக்கு அப்பெயர்கள் பயன்படவில்லை. கொழுந்து கொய்து எம்மை வளர்த்தவர்களோ அவர்களே. அவற்றையும் எழுதிக்கொண்டோம்.

மரத்தை வரைகையில், "பூட்டனாரின் எந்தப் பெயரை எழுதுவது?" என்று பிள்ளை கேட்டாள். "ரெண்டையும் எழுதடி. ஒண்ணை விட்டா ஒரு புள்ளை அநாதையாயிடும்" என்றார் அத்தை.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியது. அங்கும் கட்டிலின் கீழ்த் தகரப் பெட்டிகள் இருந்திருக்கும். ஆகையால், இன்று ஞாயிற்றுக்கிழமையாயிற்றே. வீட்டு முதியவரின் அருகே ஒரு கொப்பியோடு சற்று நேரம் அமருங்கள். அவர் சொல்லும் பெயர்களைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.