ப்ராடக்ட் மேனேஜர் தேடிய கதை

பி.காம். படித்துவிட்டு பேரேடும் வவுச்சருமாகக் காலம் தள்ளியவனை, ப்ராடக்ட் மேனேஜர் எடுக்கும் இண்டர்வியூவில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? 2019-ல் என்ன ஆனதோ அதுதான் ஆகும்.

எங்கள் வங்கியின் மொபைல் ஆப்புக்கு ஆள் எடுத்தோம். மும்பைத் தலைமை அலுவலகம், மூன்று பேர் குழு. வந்த பையன் பெரிய கல்லூரி எம்.பி.ஏ. வெள்ளைப் பலகையில் அவன் போட்ட கட்டங்களை வாயைப் பிளந்து பார்த்து முழு மார்க் போட்டேன். ஆப் பளபளவென்று வந்தது. ஆனால் ஓ.டி.பி. போடும் கட்டம் முப்பது நொடியில் காலாவதி. கண்ணாடியைத் தேடி மாட்டி, குறுஞ்செய்தியைத் திறந்து, எண்ணை மனப்பாடம் செய்து திரும்புவதற்குள் முதல் பக்கத்துக்குத் துரத்திவிடும். நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வந்த பென்ஷன்தாரர்கள் கவுண்டரில் போனை நீட்டி, "நீயே போட்டுக் கொடு பேட்டா" என்றார்கள். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சுவரில் போஸ்டர் ஒட்டியதும் நாங்கள்தான்! அந்த முப்பது நொடியை மாற்ற எட்டு மாதம் ஆனது.

பையன் மேல் தப்பில்லை. நாங்கள் கேட்ட கேள்விகள் அப்படி.

இந்த வேலையின் பூர்வீகம் சோப்பு, தெரியுமோ? 1931-ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பு விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாக ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். அந்த ஆள் விற்பனை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. (பிற்பாடு அவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரே ஆனார். அது வேறு கதை.)

போன மாதம் மறுபடி இண்டர்வியூ. இந்த முறை நான் ஒரே கேள்வியோடு போனேன். "செய்ய வேண்டாம் என்று நீங்கள் நிறுத்திய வேலை ஒன்றைச் சொல்லுங்கள்." நான்கு பேர் சாதனைகளையே சொன்னார்கள். ஐந்தாவதாக வந்த நாக்பூர்ப் பெண், முன்பு சிறுகடன் நிறுவனமொன்றில் இருந்தவர். தவணையை நினைவூட்டும் தானியங்கி அழைப்பை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு ஒரே போன். எடுத்தது மாமியார், கடன் வாங்கியது மருமகள். கிளையில் இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் பஞ்சாயத்துகளைக் கேட்டபின் தானே நிறுத்தினாராம்.

"டெவலப்பர்கள் உங்களுக்குக் கீழே இல்லையே, எப்படிச் சம்மதித்தார்கள்?"

"அவர்களையும் கிளைக்கு அழைத்துப் போனேன் சார்."

குழுத் தலைவருக்கு அரை மனசு. கல்லூரிப் பெயர் போதவில்லை. 2019 மதிப்பெண் தாளில் இருந்த என் கையெழுத்தை நானே எடுத்துக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். ஆள் சரியில்லையென்றால் இந்த முறை பழி முழுக்க எனக்கு.

திங்கட்கிழமை சேர்கிறார். முதல் வாரம் மேசை கிடையாது, தாதர் கிளைக் கவுண்டரில்தான்.