மணலுக்குள் வாழும் ஆரால்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'ஈல்' கேட்டு வருகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் விலாங்கு அல்ல, ஆரால். நம் ஏரியிலும் ஆற்றிலும் பிடிபடுகிற ஆராலுக்குச் சொந்தக்கார மீன்கள், தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தவை. அவற்றைப் பராமரிக்கிறவர்களின் வேலையைப் பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன்.

"முதல்ல முதுகைப் பாருங்க சார்" என்றார் தொட்டிகளைக் கவனிக்கும் அண்ணன். வலையைத் தொடவே இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி, மீன் தானாக நுழையும்வரை பொறுத்திருந்தார். வலையென்றால் முள் மாட்டிக்கொள்ளும், விடுவிப்பதற்குள் தோல் கிழிந்துவிடும். டப்பாவுக்குள் அது நெளிந்து திரும்பியபோது, முதுகுத் துடுப்புக்கு முன்னால் குட்டி முட்கள் வரிசையாக எழுந்து படிந்தன. விலாங்குக்கு இந்த முட்கள் கிடையாது. மூக்கு நுனியில் சதைத் துணுக்கு ஒன்று, அதன் இருபுறமும் குழல் மாதிரி நாசிகள். கண்ணைவிட அந்த மூக்கை நம்பித்தான் இரவில் இரை தேடுகிறது.

அடுத்தது உடம்பில் உள்ள கோலம். துடுப்பின் அடியோரம் கண் கண்ணாக வட்டங்கள் இருந்தால் பீகாக் ஈல், ஓரடிக்குள் நின்றுவிடும். நெளிகோடுகள் பின்னிக் கிடந்தால் டயர் ட்ராக், இரண்டடியைத் தாண்டும். கரும்பழுப்பில் சிவப்புக் கோடும் புள்ளியும் ஓடினால் ஃபயர் ஈல். அது ஒரு மீட்டர் வரை வளரும். கடைக்கு வரும்போது மூன்றுமே விரல் நீளம்தான் இருக்கும் என்பதால், அடையாளம் தெரியாமல் வாங்குகிறவர் பின்னால் அந்த மீனைத்தான் வதைக்கிறார். ஃப்ரெஷ்வாட்டர் மோரே என்று விற்கப்படுவது இன்னும் மோசம். அது கழிமுகத்து உயிர். உப்பில்லாத தண்ணீரில் நாளடைவில் நலிந்துபோகும்.

பின்கட்டில் ஒரு அக்கா மணல் அலசிக்கொண்டிருந்தார். பிடி பிடியாக எடுத்து விரலிடுக்கில் தேய்த்து, கூரான துகள் தட்டுப்பட்டால் பொறுக்கி எறிந்தார். கவனித்துப் பார்க்க வேண்டிய வேலை இது. ஆரால் பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். செதில்கள் மிகச் சிறியவை. சரளைக்கல் கீறிய இடத்தில் புண் வரும். புண்ணுக்கு மருந்து ஊற்றலாமென்றால் செம்பு கலந்ததும் மாலகைட் கிரீனும் இந்த மீனுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சாப்பாடு மண்புழுவும் ரத்தப்புழுவும். உலர் தீவனத்தை ஏறெடுத்தும் பார்க்காது. விளக்கை அணைத்த பிறகு போட வேண்டும். இல்லாவிட்டால் சுறுசுறுப்பான மீன்கள் முந்திக்கொள்ள, இது பட்டினி கிடக்கும். வாய்க்குள் அடங்கும் சின்ன மீன்களைக் கூட வைத்தால் அவையே இரையாகிவிடும்.

நான் இருக்கும்போதே ஒரு இளைஞர் ஃபயர் ஈலைக் காட்டி விலை கேட்டார். அண்ணன் விலை சொல்லவில்லை.

"தம்பி, தொட்டி எத்தனை அடி?"

"ரெண்டடிண்ணா."

"இது வளந்தா அஞ்சடித் தொட்டியே பத்தாது. பீகாக் எடுத்துக்கோங்க."

கூடுதல் விலைக்குப் போகிற மீனை அவர் விற்காமல் விட்டார். எல்லாக் கடையிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பீகாக் ஈலை இரட்டைக் கவரில் விட்டு, ஆக்ஸிஜன் நிரப்பி, ரப்பர் பேண்டை முறுக்கிக் கட்டியபடியே அவர் சொன்னார்: "மூடி போட்டா மட்டும் போதாது தம்பி. ஃபில்டர் குழாய் நுழையுற ஓட்டையில பஞ்சை அடைச்சிடுங்க. அந்த வழியாத்தான் வெளிய வந்து விழும்."