ஃப்ரீசியா பூக்கும் வரை...

ஃப்ரீசியா என்றதும் ஏதோ ஐஸ் பெட்டி கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். என் அறைத்தோழி அப்படித்தான் நினைத்தாள் :-) இது ஒரு பூ. சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. எக்லான் என்ற தாவர ஆய்வாளர் தன் நண்பரான ஃப்ரீஸே என்ற ஜெர்மன் டாக்டரின் பெயரை இதற்கு வைத்தார்.

2024 அக்டோபரில் ஆன்லைனில் பத்து பல்பு வாங்கினேன். ('பல்பு வாங்கினேன்' என்றதும் கிளாஸில் சிரித்தது போதும் மக்களே!) பல்பு என்று விற்றாலும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிக்க வராது. சேப்பங்கிழங்கு போல உள்ளே கெட்டியாக இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பேர் கிழங்குதான்.

வாங்கியது எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

2021 மே மாதம் அம்மாவுக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. கூடவே வாசனையும் போனது. நிறைய பேருக்குச் சில வாரங்களில் திரும்பி வந்துவிடும் என்றார்கள். அம்மாவுக்கு வரவில்லை. வந்த கொஞ்சமும் கோணலாக வந்தது, காபி கருகிய ரப்பர் மாதிரி இருக்கிறதாம். பால் பொங்கித் தீய்ந்தாலும் தெரியாது. கேஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நான் ஹாஸ்டலில் தூங்காத நாட்கள் உண்டு.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு எண்ணெய். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் கவனமாக முகர வேண்டும், மாதக்கணக்கில். ஜெர்மனியில் ஹும்மல் என்பவரின் குழு 2009-ல் வெளியிட்ட முறை இது. நாலில் ஒன்று எங்கள் நீலகிரித் தைலம் என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. ஆனால் மூன்று மாதத்தில் சலித்துவிட்டது. "வராததை எதுக்கு மோந்து மோந்து பாக்கணும்?" என்று பாட்டில்களை அலமாரியில் வைத்துவிட்டாள். தலையில் பூ வைப்பதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஃப்ரீசியா வாசனையில் முக்கியமானது லினலூல் என்ற பொருள். மல்லிகையிலும் அது உண்டு. மருந்து என்று கொடுத்தால் அம்மா தொடமாட்டாள், செடி என்றால் விடமாட்டாள். அவ்வளவுதான் என் கணக்கு.

செம்மண், மணல், மக்கிய உரம் கலந்து, கூர் முனை மேலே இருக்கும்படி ஐந்து செ.மீ. ஆழத்தில் நட்டோம். குன்னூரில் அப்போது வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், அதனால் தொட்டிகள் தாழ்வாரத்துக்குள். நான் கோவைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில்தான். வறண்ட கோடை முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். அந்தச் சூடு பட்டால்தான் தூக்கம் கலையும், குளிர் வந்தால்தான் மொட்டு கட்டும். கோவை ஹாஸ்டல் மாடியில் வைத்திருந்தால் வெறும் இலையோடு நின்றிருக்கும்.

தினமும் போனில் ஒரே செய்தி: "ஒண்ணும் காணோம்." மூன்றாவது வாரம் கத்தி மாதிரி ஒரு இலை. பத்தில் ஏழு முளைத்தன. பிறகு டிசம்பர் முழுக்க இலை, இலை, இலை. சாய்ந்ததற்கெல்லாம் அம்மா குச்சி கட்டினாள். நான் கேட்காமலே போட்டோ வர ஆரம்பித்தது. செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை!

ஜனவரி கடைசியில் தண்டு முழங்கை போல வளைந்து, அதன் மேல் வரிசையாக மொட்டுகள். வளைவுக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் விரியும், மற்றவை ஒவ்வொன்றாக. 2025 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. முதல் மஞ்சள் பூ விரிந்திருந்தது. அம்மா குனிந்து முகர்ந்தாள். ரொம்ப நேரம்.

"ஏதோ ஒண்ணு இருக்குடி. இனிப்பா. என்னன்னு சொல்லத் தெரியல."

ஞாயிறு காலை ஒன்றுமே தெரியவில்லை என்றாள். திங்கட்கிழமை போனில், "இன்னைக்கு லேசா இருந்துச்சு."

குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். காபி இன்னும் ரப்பர்தான். ஆனால் அந்த நாலு பாட்டில்களும் அலமாரியை விட்டு ஜன்னலோரம் வந்துவிட்டன. காலையில் ரோஜா, கிராம்பு, எலுமிச்சை, தைலம், கடைசியில் ஒரு பூ.

பூ முடிந்ததும் இலையை வெட்டக் கூடாது. அது காய்கிற வரை கீழே பழைய கிழங்கின் மேல் புதுக்கிழங்கு உருவாகும். மே மாதம் தோண்டி எடுத்து, வலைப்பையில் போட்டு, அடுப்பங்கரைப் பரணில் தொங்கவிட்டாள் அம்மா. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு!

உங்கள் வீட்டிலும் யாராவது வாசனை இல்லாமல் இருந்தால், பயிற்சியைப் பாதியில் விடவிடாதீர்கள். கிழங்கு வேண்டுமென்றால் கேளுங்கள், அம்மாவிடம் சொல்லி ரெண்டு வாங்கித் தருகிறேன். தருவாளா என்பது சந்தேகம்தான் :-)